வின்னிபெக் வீட்டு வாசலில் ஒரு செம்புத் தகடு

1

போன வாரம் எங்கள் வீட்டு ஹீட்டர் படுத்துவிட்டது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. விருதுநகர்க்காரன் ஒருவன் தானே விண்ணப்பம் போட்டு, வரிசையில் நின்று, இந்தக் குளிருக்குக் குடிவந்தான் என்று நினைத்தால் என் மூளை மேல் எனக்கே ஒரு மரியாதை வரும். கனடாவின் இந்த வின்னிபெக் நகரத்தில் பன்னிரண்டு வருடமாக ஓர் அச்சகத்தில் மருந்து டப்பாக்களுக்கு வண்ணம் சரிபார்க்கிறேன். சிவகாசியில் செய்த அதே வேலைதான். அங்கே வேர்த்துக்கொண்டு செய்தேன், இங்கே விறைத்துக்கொண்டு செய்கிறேன். முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஹீட்டர் ரிப்பேருக்கு வந்தவர் ஆறரை அடி. வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றும்போதே கதவு நிலையில் ஆணியடித்திருந்த செம்புத் தகட்டைப் பார்த்துவிட்டார். உள்ளங்கை அகலம் இருக்கும். தரையிலிருந்து மூன்றடி உயரம். நடுவில் மட்டும் தேய்ந்து பளபளக்கும்.

"இது உங்கள் சாமியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. உள்ளே வருவதற்கு முன் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் பொறி இறங்கிவிடும்."

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இந்த ஊர்க்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர்காலத்தில் இங்கே காற்று அவ்வளவு வறண்டுவிடும். கம்பளத்தில் நாலடி நடந்து கதவுப் பிடியைத் தொட்டால் 'டிக்' என்று ஒரு பொறி. பெண்டாட்டியைத் தொட்டாலும் ஷாக்தான். அதை மட்டும் எல்லா ஊருக்கும் பொது என்று வைத்துக்கொண்டேன்.

ஹீட்டரைச் சரிசெய்துவிட்டுத் திரும்ப வாசலுக்கு வந்தவர், தகட்டின் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தார்.

"எர்த் எங்கே? பூமிக்குப் போகும் கம்பி இல்லாவிட்டால் இது சும்மா ஒரு தகடு."

பட்டாசுக் குடும்பத்தில் பிறந்து, பட்டாசுக் கம்பெனி போர்மேனுக்குத் தம்பியாக வளர்ந்த எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாக நாங்கள் ஐந்து பேரும் சும்மா ஒரு தகட்டைத்தான் தொட்டுக்கொண்டிருந்தோம். அவரே ஒரு கம்பியை இழுத்துத் தண்ணீர்க் குழாயோடு இணைத்துவிட்டு, தனியாகக் கூலி வேண்டாம் என்று போய்விட்டார்.

அவர் போனதும் காலண்டரைப் பார்த்தேன். அந்தத் தகடு எங்கள் வீட்டுக்கு வரக் காரணமான நாளுக்கு இரண்டு வருடம் நிறைய நாலே நாள் பாக்கி.

2

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இனியனுக்கு அப்போது ஒன்பது வயது, கயலுக்கு ஆறு. மூன்றாவதாக இந்தியாவிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கலாம் என்று முதலில் சொன்னது என் மனைவி சுபா. நர்ஸ். ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு முன் ஒரு வருடம் மனசுக்குள் வைத்து ஆராய்ந்துவிட்டுத்தான் சொல்வாள். நான் ஒரு நிமிடத்தில் சரி என்றேன். அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் இன்றுவரை என்னைச் சந்தேகப்படுகிறாள்.

ஏற்கனவே இரண்டு பிள்ளைகள் இருப்பதால், சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளையைத்தான் தருவார்கள் என்றார்கள். சம்மதித்தோம். எங்கள் வீடு தகுதியானதா என்று பார்க்க ஓர் அம்மாள் வந்தார். தேநீர் கொடுத்தோம். மிக நல்ல மாதிரி. "உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

அன்றைக்கு என் ஆங்கிலம் சரளமாக வந்தது. அதுதான் வினை. "எங்கள் குடும்பமே வெடிமருந்தில் இருக்கிறது. அண்ணன் இன்னும் செய்கிறார்" என்றேன் பெருமையாக.

அம்மாள் தேநீரைக் கீழே வைத்தார். பேனாவை எடுத்தார். சுபா என்னைப் பார்த்த பார்வையில் எர்த் இல்லை. தீபாவளி என்றால் என்ன, மத்தாப்பு என்றால் என்ன, அண்ணன் எந்த நாட்டு அரசாங்கத்துக்கும் எதிரி இல்லை என்றெல்லாம் விளக்கி, அண்ணன் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து ஒரு கடிதமும் வாங்கிக் கொடுத்த பிறகுதான் எங்கள் கோப்பு நகர்ந்தது.

நகர்ந்து நகர்ந்து ஒருநாள் ஒரு பிள்ளையின் விவரம் வந்தது. ஐந்து வயதுப் பெண். இரண்டு காதும் பெரும்பகுதி கேட்காது. காது மெஷின் வைத்தால் கேட்கும். இருக்கும் இடம்: காரியாபட்டிப் பக்கம் ஓர் இல்லம். நான் திரும்பப் படித்தேன். அரை உலகத்தைத் தாண்டி விண்ணப்பம் போட்டால், பிள்ளை என் அண்ணன் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கிறது.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று அவள் பெரியவளாகிச் சொல்லட்டும். இப்போதைக்குப் பாப்பு.

3

மார்கழி முடியும் சமயம் மதுரையில் இறங்கினோம். ஊரே குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு நடுங்க, என் பிள்ளைகள் அரை டிராயரோடு வேர்த்து வழிந்தார்கள்.

இல்லத்துக்கு முதல் நாள் போக அண்ணன் வேன் கொண்டுவந்தார். அண்ணன் கணேசன் சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வேனின் பின்பக்கம் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது.

"ஏலே தம்பி, வீட்டுக்கு மகாலட்சுமி வருதுல்ல. சும்மா மொட்டையாப் போயி நிக்கிறதா? ஒண்ணு போட்டுரலாம்."

"சின்னதாப் போடுங்கண்ணே" என்றேன்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லத்து சிஸ்டர் அமலா எங்களுக்கு எழுதிய கடிதத்தில், 'பிள்ளைக்கு மெஷின் புதிதாகப் பொருத்தியிருக்கிறோம், பெரிய சத்தம் வேண்டாம்' என்று தெளிவாக எழுதியிருந்தார். நான் படித்திருந்தேன். இரண்டு தடவை படித்திருந்தேன். ஆனால் பெரிய சத்தம் என்றால் எங்கள் ஊர்க் காதுக்கு இருநூற்று நாற்பது ஷாட். வானத்தில் போய் வெடிக்கும் அந்தப் பெட்டிகளில் முப்பது ஷாட்டை நாங்கள் சத்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தொண்டையைச் செருமுவது மாதிரி.

அண்ணன் சின்னதாகத்தான் போட்டார். முப்பது ஷாட். காலை பத்து மணி, நல்ல வெயில். அந்த வெளிச்சத்தில் ஒரு நிறமும் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான்.

வராந்தாவில் கனகாம்பரம் வைத்து, புது கவுன் போட்டு, எங்களைப் பார்க்க நிறுத்தியிருந்த பிள்ளை இரண்டு காதிலிருந்தும் மெஷினைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். உலகம் இப்படித்தான் கத்தும் என்றால் கேட்காமலே இருந்துவிடலாம் என்று அந்த ஒரு நிமிடத்தில் அவள் முடிவு செய்திருக்க வேண்டும். நாங்கள் உள்ளே போனபோது கட்டிலுக்கு அடியில், சுவர் மூலையில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அவளைக் கவனித்துக்கொள்ளும் செல்வராணி அக்கா மெஷின்களைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏன் சார், பிள்ளையக் கூப்பிட வந்தீகளா, வெரட்ட வந்தீகளா?"

சிஸ்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பத்தாம் நாள் மாவட்ட ஆபீஸ்ல இருந்து மேடம் வருவாங்க. பிள்ளை உங்ககிட்ட மனசோட வருதா, மெஷின் வச்சுப் பழகுதான்னு பார்ப்பாங்க. வந்தா வருதுன்னு நான் எழுதுவேன். வரலைன்னா, சார், நான் பொய் எழுத மாட்டேன்."

வேனில் திரும்பினோம். அண்ணன் வண்டியை ஓட்டினார். ஆமத்தூர் வரும்வரை ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் ஹார்ன் அடிக்காமல் வண்டி ஓட்டுவது, மூச்சு விடாமல் உயிர் வாழ்வது மாதிரி. எருமை குறுக்கே நின்றால் இறங்கிப் போய் அதனிடம் கையைக் காட்டி வேண்டிக்கொண்டார். அடுத்த பத்து நாளும் அப்படியேதான் ஓட்டினார்.

4

செல்வராணி அக்கா கூட வர வேண்டும் என்ற நிபந்தனையோடு, பாப்புவைப் பகலில் வெளியே கூட்டிப்போகச் சிஸ்டர் அனுமதித்தார். ஆக, குடும்பத்தோடு வெளிநாட்டுச் சுற்றுலா. இனியனுக்கும் கயலுக்கும் இதுதானே வெளிநாடு. வேறு பிள்ளைகள் வெளிநாட்டில் கோபுரமும் கடலும் பார்ப்பார்கள். நான் விருதுநகரைச் சுற்றிக் காட்டக் கிளம்பினேன். சொந்த ஊரில் என்ன இருக்கிறது என்று பிறந்தவனுக்கே தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் நாள் ரயில்வே கேட். மூடியிருந்தது. "இது எப்ப திறக்கும்?" என்றான் இனியன். "அதைப் பார்க்கத்தான் வந்திருக்கோம்" என்றேன். இரண்டாம் நாள் எண்ணெயில் பொரித்த பரோட்டா. சுபா எண்ணெயைப் பார்த்துவிட்டு, நர்ஸுக்குரிய மௌனத்தோடு என் நெஞ்சைப் பார்த்தாள். மூன்றாம் நாள் நான் முன்பு வேலை பார்த்த அச்சகம். அங்கே தினசரிக் காலண்டருக்குச் சாமி படங்கள் தாள் தாளாக வந்து விழுந்துகொண்டிருந்தன. கழிவுத் தாள் ஒன்றைக் கயல் கேட்டு வாங்கினாள். அதில் ஒரே பிள்ளையாருக்கு எட்டுத் தும்பிக்கை.

தினமும் இல்லத்து வாசலில் எங்கள் வேன் சத்தமில்லாமல் நிற்கும். என்னைப் பார்த்ததும் பாப்பு கட்டிலுக்கு அடியில் போவாள். செல்வராணி அக்கா கெஞ்சி, வேனின் கடைசி சீட்டைக் கையால் காட்டி, தூக்கிக்கொண்டு வருவார். வேன் பிடிக்கும், நான்தான் பிடிக்காது. ஜன்னல் பக்கமே முகம். மெஷின் அக்காவின் கைக்குட்டையில்.

நான் என் வித்தைகளை எல்லாம் இறக்கினேன். குரங்கு மாதிரி முகம் வைத்தேன். பரோட்டாவைத் தலையில் வைத்துக்கொண்டேன். வேட்டி அவிழ்வது மாதிரி நடித்து, கடைசியில் நிஜமாகவே அவிழ்ந்து, சிவகாசி பஸ் ஸ்டாண்டே சிரித்தது. பாப்பு, கரண்டு போன டீவியைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தாள். நான் நீட்டிய பரோட்டாத் துண்டைத் தள்ளிவிட்டு, அக்கா பிய்த்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள்.

"அம்புட்டுக் கோமாளித்தனமும் எதுக்கு சார்? சும்மா இருங்களேன்" என்றார் அக்கா. சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி ஆகியிருப்பேன்?

ஐந்தாம் நாள் திரும்பும் வழியில் கயல் என் காதில் ஆங்கிலத்தில் கேட்டாள். "அவளுக்கு நம்மைப் பிடிக்கலைன்னா, அவளை விட்டுட்டுப் போயிடுவோமா?"

"பார்க்கலாம்டா."

"எனக்கு உங்களைப் பிடிக்காம போனா?"

அவளை இழுத்து என் மடியில் உட்கார வைத்துக்கொண்டேன்.

5

ஆறாம் நாள் அண்ணன் கம்பெனியில் ஒரு சாவியைக் கொடுக்க வேண்டியிருந்தது. விஸ்வநத்தத்துக்கு எல்லோரும் போனோம். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வேனை நிறுத்தினார். இனியன் உள்ளே பார்க்க வேண்டும் என்று குதித்தான்.

"சின்னப் பிள்ளைக கேட்டைத் தாண்டக் கூடாதுய்யா. பிரதமரே தூக்கிட்டு வந்தாலும் விட மாட்டேன்" என்றார் அண்ணன்.

கேட்டிலிருந்து பார்த்தோம். டீ குடித்துவிட்டுப் பெண்கள் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கேட்டுத் தூணில் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தது. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, பேச்சை நிறுத்தாமலே ஒவ்வொருவரும் உள்ளங்கையைத் தகட்டில் வைத்து எடுத்துவிட்டுப் போனார்கள். அண்ணனும் வைத்தார்.

"அது எதுக்கு, பெரியப்பா?" என்றாள் கயல்.

"நம்ம உடம்புக்குள்ள நமக்கே தெரியாம ஒரு பொறி இருக்கும்டா. துணி உரசுனாப் போதும், வந்துரும். உள்ள மருந்து இருக்குல்ல? அதான் பொறியை இங்கன இறக்கி வச்சிட்டு, வெறுங்கையாப் போகணும்."

வேறு ஊர்ப் பிள்ளைக்கு இது கதை. வின்னிபெக் பிள்ளைக்கு அனுபவம். குளிர்காலம் முழுக்க இனியன் காலுறையோடு கம்பளத்தில் தேய்த்துத் தேய்த்து நடந்துவந்து, தங்கையின் காது மடலைத் தொட்டு ஷாக் கொடுப்பான். அது எப்படி இருக்கும் என்று கயலுக்குத் தெரியும். காதில்.

அவள் திரும்பும்போது கடைசி சீட்டில் இருந்த பாப்புவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் இல்லத்தில் பாப்பு வழக்கம்போலக் கட்டிலுக்கு அடியில். கயல் அறைக்குள் போகாமல் வாசலிலேயே நின்றாள். பக்கத்து ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு குனிந்து, கட்டிலுக்கு அடியில் தெரியும்படி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். வெறுங்கை. அப்புறம்தான் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

இனியனையும் அப்படியே செய்ய வைத்தாள். சுபாவும் செய்தாள். என் முறை வந்தது.

"அப்பா, நீங்க நல்லா அழுத்தித் தொடுங்க. உங்ககிட்டதான் நிறைய இருக்கு."

தொட்டேன். குனிந்து கையை விரித்தேன். ஜோக் அடிக்கவில்லை, முகத்தைக் கோணவில்லை. என் வாழ்க்கையிலேயே வெறுங்கையோடு நான் நின்றது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு விரல் வந்தது. ஜன்னலைக் காட்டியது. மறுபடி தொடு.

தொட்டேன். மறுபடி விரல். அந்தக் காலையில் எத்தனை தடவை தொட்டேன் என்று கணக்கில்லை. வாசலில் கூனிக் குறுகி நின்ற அண்ணனையும் விரல் காட்டியது. அண்ணன் கம்பெனிக்குள் போகிற அதே ஒழுங்கில் செல்போனை எடுத்து வைத்தார், சாவிக்கொத்தை வைத்தார், வாட்ச்சைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், செருப்பை விட்டார், கடைசியாகக் கம்பியைத் தொட்டார். பெல்ட் இல்லாத பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை விரித்துக் காட்டினார்.

கட்டிலுக்கு அடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் ஆறு நாள் கூத்தடித்தும் வராத சிரிப்பு.

"வந்துருச்சு" என்றார் செல்வராணி அக்கா. குனிந்து பாப்புவுக்குக் கையைக் காட்டினார். "ஏத்தா, வெளிய வா. எல்லாத்தையும் இறக்கி வச்சிட்டாக."

பாப்பு வெளியே வந்தாள். எங்கள் யார் பக்கமும் வராமல் நேரே ஜன்னலுக்குப் போனாள். எட்டவில்லை. நுனிக்காலில் நின்று கம்பியைத் தொட்டாள். திரும்பி, கயலின் கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள்.

ஆனால் மெஷினை மட்டும் அவள் காதுக்குப் பக்கத்தில் யாரும் கொண்டுபோக முடியவில்லை. எட்டாம் நாளும் இல்லை, ஒன்பதாம் நாளும் இல்லை.

பத்தாம் நாள் மேடம் வந்தார். பெரிய கைப்பை, பெரிய கோப்பு. "வாங்க செல்லம்" என்று கையை நீட்டினார். பாப்பு தலையை ஆட்டிவிட்டு ஜன்னலைக் காட்டினாள். மேடம் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர், "தொட்டுருங்க மேடம். எல்லாருந்தான் தொடுறோம்" என்றார். மேடம் தொட்டுவிட்டுக் கையைக் காட்டினார். பிறகுதான் பாப்பு கை கொடுத்தாள்.

"சரி. மெஷின் வைக்குதா?"

"இன்னும் இல்லை மேடம்" என்றார் சிஸ்டர். சிஸ்டர் பொய் சொல்ல மாட்டார் என்று ஏற்கனவே சொல்லியிருக்கிறேன்.

மேடத்தின் பேனா என்ன எழுதப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பாப்பு அக்காவின் இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவினாள். முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். மெஷின் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து, சுபாவைத் தாண்டி, கயலைத் தாண்டி, என் உள்ளங்கையில் வைத்தாள். முகத்தைத் திருப்பிக் காதைக் காட்டினாள்.

நான் போய் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தேன். முதல் தடவை சரியாகப் பொருந்தவில்லை. அவள் பொறுத்துக்கொண்டாள்.

6

அப்புறமும் ஆணை, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா என்று மாதக்கணக்கில் ஆயிற்று. நான் மட்டும் வேலைக்குத் திரும்பி, மற்றவர்கள் ஊரிலேயே இருந்து, அதெல்லாம் ஒரு தனி ராமாயணம். கடைசியில் நான் மறுபடி போய் எல்லோரும் கிளம்பும்போது அண்ணன் ஒரு துண்டுச் செம்புத் தகட்டைக் கொடுத்தனுப்பினார். வின்னிபெக் விமான நிலையத்தில் முறுக்குக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் அதைப் பார்த்த அதிகாரி, "இது என்ன?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சுபா முந்திக்கொண்டு, "வீட்டுச் சாமான்" என்றாள். வெடிமருந்துக் குடும்பம் என்று நான் ஆரம்பித்துவிடுவேனோ என்ற பயம்.

பாப்புவுக்கு இப்போது ஏழு வயது. எங்கள் வீட்டிலேயே நல்ல விருதுநகர்த் தமிழ் பேசுகிறவள் அவள்தான். இனியனும் கயலும் ஆங்கிலத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். இவள் வந்து தட்டினாள். இப்போது கயல்கூட "அங்கன வைங்க" என்கிறாள். நான் வேலையிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தால், பாப்பு வாசலை மறித்து நிற்பாள். "தொட்டீகளா? தொடலை. போயித் தொட்டுட்டு வாங்க." அவளுக்குப் பயந்தே முக்கால்வாசிக் கோபத்தை வாசலில் விட்டுவிட்டு வருகிறேன்.

பாப்புவை முதன்முதலில் பார்த்த நாளுக்கு நேற்று இரண்டு வருடம் நிறைந்தது. காலை ஏழரை மணி. இங்கே இன்னும் விடியவில்லை. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அண்ணன் வீடியோவில் வந்தார். அங்கே மாலை இருட்டிவிட்டிருந்தது. மொட்டை மாடியில் நின்றார். கொஞ்ச நேரம் சாப்பாடு, குளிர் என்று சுற்றி வளைத்தார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏத்தா பாப்பு... பெரியப்பா ரெண்டு வருசமா ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். போடட்டுமா? வேண்டாம்னா விட்டுருவேன்."

அவர் காலடியில் ஓர் அட்டைப்பெட்டி. முப்பது ஷாட்.

நான் "வேண்டாம்ணே" என்று சொல்ல வாயெடுத்தேன். பாப்பு கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். யோசித்தாள்.

"தொட்டீகளா, பெரியப்பா?"

அண்ணன் ஓடிப்போய் மாடிக் கைப்பிடிக் கம்பியைத் தொட்டுவிட்டு வந்து, கையை விரித்துக் காட்டினார்.

அவள் தன் இரண்டு காதிலிருந்தும் மெஷினை மெதுவாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டாள்.

"ம். போடுங்க."

போனில் சத்தம் பிய்த்துக்கொண்டு வந்தது. இனியன் காதைப் பொத்தினான், சுபா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பாப்பு மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விருதுநகர் இருட்டில் பச்சை ஏறியது, சிவப்பு ஏறியது, மஞ்சள் விரிந்து கொட்டியது. ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தில் அந்த நிறம் வந்து போனது.

முடிந்ததும் கையை நீட்டினாள், மெஷினுக்கு. நான் எழுந்து வாசலுக்குப் போனேன், தகட்டைத் தொட.